அப்பாவின் மானம், அம்மாவின் உழைப்பு

பிழைப்புக்காக அயல்நாடு போன குடும்பங்களைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. அவற்றுள் உழைக்கும் வீடு ஒன்றை உள்ளது உள்ளபடி காட்டியவை சிலவே. ‘ஈஸ்ட் ஈஸ் ஈஸ்ட்’ என்ற ஆங்கிலப் படம் அந்தச் சிலவற்றுள் ஒன்று. படித்தவர் வட்டாரத்தில் அதைப் பெரிய நகைச்சுவைப் படம் என்று கொண்டாடினார்கள். நகைச்சுவை உண்டுதான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் நம்மைப் போன்ற குடும்பங்கள் உட்கார்ந்து பேசவேண்டிய சங்கதி கிடக்கிறது. அதைப் பற்றி இங்கே சிறிது எழுதலாம் என்று நினைக்கிறோம்.

கதை எழுதிய அயூப் கான் தின் 1961இல் இங்கிலாந்தின் சால்ஃபர்டு நகரில் பிறந்தவர். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் தொழிலாளர் நகரம் அது. தகப்பனார் பாகிஸ்தானி, தாயார் ஆங்கிலேயப் பெண். தம் வீட்டில் கண்டதையும் கேட்டதையும் வைத்து நாடகம் எழுதினார். 1996இல் அது மேடை ஏறியது. பிறகு அதையே திரைக்கதை ஆக்கினார். டேமியன் ஓ’டானல் இயக்கினார். 1999இல் படம் வெளிவந்து, ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ் படம் என்று பாஃப்டா விருதும் பெற்றது. தகப்பன் வேடம் தாங்கியவர் நம் ஓம் பூரி. அம்பாலாவில் பிறந்து ‘ஆக்ரோஷ்’, ‘அர்த் சத்யா’ முதலிய படங்களால் நாடறிந்த அந்த மகா நடிகர் 2017இல் மறைந்தார். படத்தின் பெயரோ கிப்ளிங்கின் பாட்டிலிருந்து எடுத்தது. 1865இல் பம்பாயில் பிறந்து வெள்ளை சாம்ராஜ்யத்தின் புகழ் பாடினாரே, அதே கிப்ளிங்தான்!

படம் பார்த்தவர்கள் பெரும்பாலும் என்ன சொல்கிறார்கள்? பழைமையில் ஊறிய தகப்பன், புதுமை விரும்பும் பிள்ளைகள், இரண்டு பண்பாடுகளுக்கு இடையே மோதல். இவ்வளவுதான் கதை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இது பாதி உண்மைகூட இல்லை என்பது நம் கருத்து.

கதை நடப்பது 1971இல். 1937இலேயே இங்கிலாந்து போய்ச் சேர்ந்த கான் என்பவர் அங்கே ‘ஜார்ஜ்’ ஆகிவிட்டார். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடை வைத்திருக்கிறார். கடைப் பலகையில் ஜார்ஜின் ஆங்கிலேய வறுவல் கடை என்றுதான் போட்டிருக்கிறது. மனைவி ஓர் ஆங்கிலேயப் பெண். இருபத்தைந்து வருடத் தாம்பத்தியம். ஆறு ஆண், ஒரு பெண், ஆக ஏழு பிள்ளைகள். ஊரில் முதல் மனைவியும் இருக்கிறாள். இவர் கோபம் வரும்போதெல்லாம் அவளை இங்கே கூட்டி வந்துவிடுவேன் என்று இரண்டாவது மனைவியை மிரட்டுகிறார்.

படத்தின் தொடக்கமே அருமையானது. தெருவில் கிறிஸ்தவ ஊர்வலம் போகிறது. சிலையும் சிலுவையும் சுமந்து போகிறவர்கள் யார்? ஜார்ஜின் பிள்ளைகள்! பள்ளிவாசலிலிருந்து தகப்பன் முன்கூட்டியே திரும்பிவிட்டார் என்ற செய்தி வருகிறது. தாய் ஓடிப்போய் எச்சரிக்கிறாள். பிள்ளைகள் சிலையோடு சந்துக்குள் புகுந்து, வீட்டுக்குப் பின்புறமாகச் சுற்றி, ஊர்வலத்தின் மறுமுனையில் போய்ச் சேர்ந்துகொள்கிறார்கள். தகப்பன் தெரு முனையில் நின்று ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கிறார். அந்த வீட்டின் சட்டதிட்டம் முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது. தகப்பன் முன்னால் ஒரு வாழ்க்கை, முதுகுக்குப் பின்னால் வேறொரு வாழ்க்கை. தகப்பன் வெளியே போனால் பன்றி இறைச்சி வறுபடும். அவர் வருகிற சத்தம் கேட்டால் வாசனையை மறைக்கிறார்கள். பள்ளிவாசல் பாடத்துக்கு அழைத்துப்போக வண்டி வந்தால் ஆளுக்கொரு மூலையில் ஒளிகிறார்கள். ஒருவன் ஓவியக் கல்லூரியில் படிக்கிறான். தகப்பனோ அவன் எஞ்சினியருக்குப் படிப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார். இன்னொருவன் தாரிக், நடனக் கூடத்து வாசலில் ‘டோனி’ ஆகிவிடுகிறான். தாரிக் என்ற பெயருக்கு அங்கே கதவு திறக்காது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது, இத்தனை பொய்களுக்கும் காவல் நிற்பவள் தாய் என்பதுதான். பிள்ளைகளிடம் தகப்பனுக்காகப் பேசுகிறாள். தகப்பனிடம் பிள்ளைகளுக்காகப் பொய் சொல்கிறாள். கடையில் நின்று வேலை செய்கிறாள். வீட்டில் ஏழு பேருக்கும் வடித்துக் கொட்டுகிறாள். லிண்டா பாசெட் என்ற நடிகை சிகரெட்டும் கையுமாக, களைத்த முகத்தோடு அந்த அம்மாளாகவே வாழ்ந்து காட்டியிருக்கிறார். பிள்ளைகளும் கடையில் உழைக்கிறார்கள். இவர்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. கடை மட்டும் ஜார்ஜ் பெயரில்! பண்பாட்டு மோதல் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒரு குடும்பமே கூலியில்லாமல் உழைத்தால்தான் அயலூரில் சின்னக் கடை ஒன்று தாக்குப்பிடிக்கும். அந்த உழைப்பைக் கேள்வி கேட்காமல் வாங்கவேண்டுமானால் ‘தகப்பன் சொல் தட்டாதே’ என்ற சட்டம் தேவைப்படுகிறது. ஜார்ஜ் மதம் என்றும் மரியாதை என்றும் சொல்வதில் ஒரு பங்கு இதுதான்.

மறு பங்கு வெளியிலிருந்து வருகிறது. 1968 ஏப்ரல் 20ஆம் தேதி ஈனாக் பவல் என்ற பழைமைக் கட்சித் தலைவர் பர்மிங்காமில் பேசிய பேச்சு பேர்போனது. கறுப்பர்களும் ஆசியர்களும் குடியேறுவதால் ரத்த ஆறு ஓடும் என்ற பொருளில் பேசினார். கட்சித் தலைவர் ஹீத் மறுநாளே அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். ஆனால் சில நாட்களுக்குள் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் பவலுக்கு ஆதரவாக வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலம் போனார்கள். தொழிலாளி வர்க்க வரலாற்றில் இதைவிட வெட்கப்படத்தக்க ஊர்வலங்கள் அதிகம் இல்லை. 1971இல் வந்த குடியேற்றச் சட்டம் ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு வழிச்செலவு கொடுக்கவும் வகை செய்தது. ‘காசு தருகிறோம், போய்விடு’ என்பதுதானே அதன் தமிழ்? படத்தில் ஜார்ஜின் பக்கத்து வீட்டுக் கிழவரே பவலின் பக்தர். அவருடைய பேத்தி தாரிக்கைக் காதலிப்பதும், பேரன் ஜார்ஜைக் கண்டால் ‘சலாம் அலைக்கும்’ சொல்வதும் படத்தின் இனிமையான குறும்புகள்.

போதாக்குறைக்கு, அந்த ஆண்டு டிசம்பரில் பாகிஸ்தானே இரண்டாக உடைந்து வங்கதேசம் பிறந்தது. ஜார்ஜ் போர்ச் செய்தியைக் கவலையோடு கேட்டுக்கொண்டிருக்கிறார். போய்ச் சேர்ந்த நாடு போ என்கிறது. விட்டு வந்த நாடோ உடைந்துகொண்டிருக்கிறது. முப்பத்துநான்கு வருடம் மீன் வறுத்த மனிதனுக்கு அதிகாரம் செலுத்த எஞ்சிய இடம் நாலு சுவர் மட்டும்தான். அங்கே அவர் சக்கரவர்த்தி ஆகிறார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் செங்கிஸ்கான்!

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்லியாகவேண்டும். வெளியில் பட்ட அவமானம்தான் காரணம் என்று சொல்லி ஜார்ஜின் கையை நாம் கழுவிவிடக் கூடாது. பிள்ளைகளில் தொழுகை தவறாத ஒரே மகன் மனீரை அவர் அடித்து நொறுக்குகிறார். தடுக்க வந்த மனைவியையும் அடிக்கிறார். அந்தக் காட்சியில் கொட்டகையின் சிரிப்பு சட்டென்று அடங்கிவிடும். பவலை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத கை, கடைக்குள் நிற்கும் மனைவி மேல் விழுகிறது. அடிபட்டவன் தன்னைவிட எளியவரைத் தேடி அடிப்பது அரசியல் அறியாத கோபம். அதற்குப் பண்பாடு என்று பெயர் சூட்டினால் அடி வலிக்காமல் போய்விடுமா?

அவர் காக்கும் பண்பாட்டின் நேர்மையையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். மூத்த மகன் நசீருக்குப் பெரியவர்களாகப் பார்த்து நிக்காஹ் ஏற்பாடு செய்கிறார்கள். மணப்பெண் முகத்தைப் பார்த்த மகன் முடியாது என்று எழுந்து ஓடிப்போகிறான். அன்றோடு அவன் செத்தான் என்கிறார் தகப்பன்; சுவரிலிருந்த படமும் இறங்கிவிடுகிறது. பிறகு அடுத்த இரண்டு மகன்களைக் கேட்காமலே பிராட்ஃபோர்டில் ஷா என்பவரின் இரண்டு பெண்களுக்குப் பேசி முடித்துவிடுகிறார். ஆனால் இதே மனிதர் ஊரில் கட்டிய மனைவியை விட்டுவிட்டு, தாமே பிடித்துப்போய் ஓர் ஆங்கிலேயப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர் அல்லவா? குலவழக்கத்தை முதலில் மீறியவர் அவர்தானே! தமக்கு எடுத்துக்கொண்ட சுதந்திரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க மறுக்கும் தகப்பன் உலகத்தில் ஜார்ஜ் ஒருவர் மட்டுமல்ல.

படத்தில் நம் மனத்தில் நிற்கும் இன்னொரு காட்சி, ஒரே மகளான மீனா கடைப் பின்கட்டில் ஆடும் ஆட்டம். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, மீன் நாற்றத்துக்கு நடுவில், ‘பாகீசா’ இந்திப் படப் பாட்டுக்கு ஆடுகிறாள். ‘பாகீசா’ வெளிவந்தது 1972இல். கதை நடப்பதோ 1971இல். இந்தத் தவறைக் கண்டுபிடித்துச் சிரிக்கலாம், பாதகமில்லை. தெருவில் பையன்களோடு பந்து விளையாடும் அந்தப் பெண்ணுக்கு இந்தி ஆட்டத்தை ஆடு என்று யாரும் உத்தரவு போடவில்லை. அவளாக ஆடுகிறாள். அடியும் மிரட்டலும் கொண்டுவந்து சேர்க்க முடியாத பண்பாட்டை ஒரு சினிமாப் பாட்டு சேர்த்துவிட்டது. ஜார்ஜ் அந்த நேரத்தில் வந்து பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

படத்தில் நமக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. ஷா வீட்டுப் பெண்களை அழகற்றவர்கள் என்று காட்டி, கொட்டகையைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். இது மலிவான சிரிப்பு. அந்தப் பெண்களை மட்டும் யார் கேட்டார்கள்? தாரிக்கும் அப்துலும் சந்தைப் பொருளானதற்கு வருந்தச் சொல்லும் படம், அதே சந்தைக்கு ஓட்டி வரப்பட்ட இரண்டு பெண்களைக் கேலிப்பொருளாக்கலாமா? அந்தப் பெண்கள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேச ஆசிரியர் இடம் கொடுத்திருக்கவேண்டும். ஊரில் இருக்கும் முதல் மனைவியும் அப்படித்தான். இந்தப் படத்தில் அவள் வெறும் மிரட்டல் மட்டுமே.

அந்தக் குறையை ஆசிரியரே உணர்ந்தாரோ என்னவோ, 2010இல் வந்த ‘வெஸ்ட் ஈஸ் வெஸ்ட்’ என்ற இரண்டாம் பாகத்தில் முதல் மனைவிக்கு முகம் கிடைக்கிறது. கடைக்குட்டி சாஜிதைத் திருத்துவதற்காக ஜார்ஜ் அவனைப் பாகிஸ்தானுக்குக் கூட்டிப்போகிறார். அங்கே முப்பது வருடமாக நிலத்தையும் வீட்டையும் தனியாகக் காத்துக்கொண்டிருக்கும் பஷீரா இருக்கிறாள். இந்த வேடத்தில் இலா அருண். பின்னாலேயே ஆங்கிலேய மனைவியும் வந்து இறங்குகிறாள். ஒருத்தி மொழி மற்றவளுக்குத் தெரியாது. இருந்தும் இருவரும் ஓர் அறையில் உட்கார்ந்து அவரவர் மொழியில் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் மனம் மற்றவருக்குப் புரிகிறது. முதல் படம் அளவுக்கு இது பேர் வாங்கவில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம்.

பிள்ளைகள் கைவிட்டுப் போவது ஒரே திசையில்தான் என்று நினைப்பவர்களுக்கு, அதே ஓம் பூரி 1997இல் நடித்த ‘மை சன் தி ஃபனாட்டிக்’ நல்ல மறுமொழி. ஹனீஃப் குரேஷி எழுதியது, உதயன் பிரசாத் இயக்கியது. அதில் தகப்பன் பர்வேஸ் ஒரு டாக்சி ஓட்டுநர். விஸ்கி குடிப்பவர், மேல்நாட்டு ஜாஸ் இசையில் உயிரை விடுபவர். மகன் ஃபரீதோ வெள்ளைக்காரப் பெண்ணோடு நடக்கவிருந்த கல்யாணத்தை முறித்துவிட்டு, மதத் தீவிரத்தில் இறங்குகிறான். மௌலவி ஒருவரை வீட்டுக்கே கூட்டிவந்து தங்கவைக்கிறான். இங்கே பழைமை மகன் பக்கம், புதுமை தகப்பன் பக்கம். சண்டை மட்டும் அதே சண்டைதான். இங்கும் தகப்பன் மகனை அடிக்கிறார். கிழக்கா மேற்கா என்பதுதான் பிரச்சினை என்றால் இது எப்படி நடக்கும்? மதிப்புக் கொடுக்காத நாட்டில் தனக்கென்று ஒரு மதிப்பைத் தேடுகிறான் ஒவ்வொருவனும். தகப்பன் ஒரு வழியில் தேடினால் மகன் வேறு வழியில் தேடுகிறான்.

இனி, இந்தப் படங்கள் காட்டாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறோம். ஜார்ஜைப் போன்ற தகப்பன்மார், வெள்ளையரோடு சேர்ந்து பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், சமூகத்துக்கு உதவமாட்டார்கள் என்றே பயந்தார்கள். நடந்தது என்ன?

1976 ஜூன் 4ஆம் தேதி, லண்டனுக்கு மேற்கே பஞ்சாபிகள் திரளாக வாழும் சவுத்ஹாலில், குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயது இளைஞர் இனவெறியர்களால் கொல்லப்பட்டார். பெரியவர்கள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, இளைஞர்கள் காவல் நிலையத்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சவுத்ஹால் இளைஞர் இயக்கம் அப்படித்தான் பிறந்தது. ஆங்கிலம் பேசி, ஆங்கிலேயன் போல உடுத்தி, முடியை வெட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று வீட்டில் திட்டு வாங்கியவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். 1981இல், ஜார்ஜ் சம்பந்தம் பேசப்போன அதே பிராட்ஃபோர்டு நகரில், பன்னிரண்டு ஆசிய இளைஞர்களைக் காவல்துறை கைது செய்தது. இனவெறிக் கும்பல் தாக்க வருகிறது என்ற செய்தி கேட்டு அவர்கள் பெட்ரோல் குண்டு தயாரித்து வைத்திருந்தார்கள். எங்கள் மக்களைக் காக்கவே செய்தோம் என்று நீதிமன்றத்தில் நிமிர்ந்து சொன்னார்கள். 1982இல் பன்னிரண்டு பேரும் விடுதலை ஆனார்கள். குண்டு தயாரிப்பதை நாம் பாராட்ட வரவில்லை. கெட்டுப்போன பிள்ளைகள் என்று பேர் எடுத்தவர்கள்தாம் தெருவைக் காக்க நின்றார்கள் என்பதை மட்டும் எடுத்துக் காட்டுகிறோம். அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் ஆதலால், இது எங்கள் ஊர், எங்கே போகச் சொல்கிறாய் என்று கேட்க அவர்களால் முடிந்தது. வந்த நாள் முதல் தலைகுனிந்தே பழகிய தகப்பன்மாருக்கு அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தலைகுனிந்து சம்பாதித்த சோற்றில்தான் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள்.

கடல் தாண்டிப் போனவர்களின் கதை நமக்கு எதற்கு என்று வாசகத் தோழர்கள் சிலர் கேட்கலாம். நாம் தாண்டியது கடல் அல்ல, மாநில எல்லைதான். கடவுச்சீட்டு கேட்பாரில்லை, ஓட்டுரிமை உண்டு. உண்மை. ஆனாலும் 1966இல் சிவசேனை பிறந்து பம்பாயில் தென்னாட்டாருக்கு எதிராகக் கிளம்பிய கூச்சலைக் கேட்டவர்களுக்கு, 1968இல் பவல் பேசியது புதுப் பேச்சாகத் தோன்றாது. ‘மதராசி’ என்று வேலைத்தலத்தில் ஏளனம் கேட்டுவிட்டு, பதில் பேசாமல் வீட்டுக்கு வந்து, பிள்ளை இந்தியில் பதில் சொன்னதற்காகக் கை ஓங்கிய தகப்பன் நம்மிடையே இல்லையா? விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம் என்று கூட்டிப்போய், அங்கே பெண்ணுக்குத் தெரியாமலே பரிசம் போட்டுவிட்டு வருகிற குடும்பங்கள் இல்லையா? பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று வருந்தும் நாம், அந்தப் பிள்ளையிடம் தமிழில் பேசுவது திட்டுவதற்கு மட்டும்தானா என்றும் யோசிக்கவேண்டும். திட்டு மட்டுமே கேட்கிற மொழியில் எந்தப் பிள்ளை பேச ஆசைப்படும்?

குடும்பத்தோடு பார்க்க நினைக்கும் பெற்றோருக்கு ஒரு தகவல். படத்தில் கெட்ட வார்த்தைகள் தாராளம். ஓவியக் கல்லூரி மகன் செய்துவைத்த ஒரு சிலை சம்பந்திகள் வந்திருக்கும் வேளையில் நடுக்கூடத்துக்கு வந்துவிடுகிற காட்சி நம் வீட்டுப் பெரியவர்களை நெளிய வைக்கும். கடைக்குட்டிக்குச் சுன்னத் செய்வது பற்றிய கேலியும் உண்டு. முதலில் பெரியவர்கள் பார்த்துவிட்டு, வளர்ந்த பிள்ளைகளோடு மறுபடி பார்ப்பது நல்லது.

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்பந்திகள் வந்த அன்று, ஷாவின் மனைவி தன் பிள்ளைகளை இழிவாகப் பேசியதும் இத்தனை வருடம் அடங்கியிருந்த தாய் பொங்கி எழுகிறாள். வந்தவர்களை வாசலைக் காட்டி அனுப்பிவிடுகிறாள். ஜார்ஜ் அவள்மேல் பாய்கிறார். இந்த முறை பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து நடுவில் விழுந்து தகப்பனைப் பிடித்துவிடுகிறார்கள். அவர் எழுந்து கடைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்கிறார். சிறிது நேரம் கழித்து மனைவி வந்து தேநீர் வேண்டுமா என்று கேட்கிறாள். அரைக் கோப்பை போதும் என்கிறார், எப்போதும் சொல்வதைப் போலவே. இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அடித்ததற்காக ஒரு வார்த்தை வருத்தம் அங்கே சொல்லப்படவில்லை. கேட்டு வந்தவளும் அவள்தான், தேநீர் போடப்போகிறவளும் அவள்தான். பிள்ளைகள் இனி தகப்பன் கையைப் பிடிப்பார்கள் என்பது ஒன்றுதான் அந்த வீட்டில் அன்று மாறியது.